இது என்ன சாமான்? கையால் மாற்றிய பழைய பட்டறைக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. சாணையும் பிடித்துத் தருவேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது செய்தித்தாளில் சுற்றிய இரும்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "அண்ணே, இது என்ன சாமான்?" என்று கேட்கிறார்கள். தாத்தா பெட்டியில் இருந்தது என்பார்கள், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது என்பார்கள், பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் கிடைத்தது என்பார்கள்.

கடையில் விற்ற கருவியாக இருந்தால் பெயர் சொல்வது எளிது. யாரோ ஒருவர் தன் வேலைக்காகத் தட்டி, வளைத்து, தேய்த்து மாற்றியதற்கு எந்த விலைப்பட்டியலிலும் படம் கிடையாது. வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா பெட்டியில ஒரு சாமான் கிடைச்சிருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

ஒன்றும் செய்யாதீர்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள், சாணைக்குக் கொண்டு போகாதீர்கள். அது எந்த வேலைக்கு இருந்தது என்பதற்கான தடயம் பாதிக்குமேல் அதன் அழுக்கில்தான் ஒட்டியிருக்கும். ஏன் என்று நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

அது கிடந்த இடத்தையும் பக்கத்தில் கிடந்தவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் மரம் இழைக்கும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தி) இருந்தால் மர வேலை பக்கம் போகலாம். கிரீஸ் டப்பாவும் பழைய பேரிங்கும் இருந்தால் மெக்கானிக். பிறகு வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, நாலு பக்கமும் வாய்ப்பகுதியைக் கிட்டத்திலும் படம் எடுங்கள். அடிக்கோல் இல்லாத படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

கையால மாத்தினதுன்னு எப்படித் தெரியும்? கம்பெனியிலயே அப்படித்தான் வந்திருக்கலாமே?

கம்பெனி அச்சில் அடித்த கருவிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும். கையால் மாற்றிய இடத்தில் அந்தக் கோடு திடீரென்று நின்றுவிடும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். அரம் போட்ட கீறல் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். சாணையில் தேய்த்ததென்றால் கீறல்கள் ஒரே திசையில், கொஞ்சம் வளைந்து தெரியும். உலையில் காட்டி அடித்த இடத்தில் மேற்பரப்பு சொரசொரவென்று செதில் விட்டிருக்கும், சுத்தி விழுந்த தட்டையான தடங்கள் தெரியும்.

கருவியின் எழுத்தே பாதியில் அறுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எந்தக் கம்பெனியும் தன் பெயரைத் தானே வெட்டிக்கொள்ளாது.

சரி, மாத்தியிருக்காங்க. என்ன வேலைக்குன்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது?

வருகிறவர்கள் எல்லோரும் கருவியின் மொத்த உருவத்தைப் பார்த்து, "கத்தி மாதிரி இருக்கு", "உளி மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். அதில் ஏமாற வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்த உருவம் பழைய கருவியுடையது. மாற்றிய இடத்தை மட்டும் பாருங்கள். அந்த மனிதருக்கு எது பற்றவில்லையோ அதைத்தான் மாற்றியிருப்பார். நீளம் பற்றவில்லை என்றால் குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்திருப்பார். இடுக்கில் நுழையவில்லை என்றால் மெல்லியதாகத் தேய்த்திருப்பார். நேராக எட்டவில்லை என்றால் வளைத்திருப்பார். மாற்றத்திலிருந்து இடத்துக்குப் போகலாம், இடத்திலிருந்து வேலைக்குப் போகலாம்.

அடுத்து தலையைப் பாருங்கள். அடிவாங்கும் தலை காளான் மாதிரி விரிந்து ஓரம் சுருண்டிருந்தால் இரும்புச் சுத்தியால் வருஷக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். விரியாமல் கறுத்து மட்டும் இருந்தால் மரக் கொட்டாப்புளி, அல்லது கையால் தள்ளும் வேலை.

பிறகு வாய். ஒரே பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சுரண்டும் வேலை. ஓரம் நசுங்கி உருண்டிருந்தால் நெம்பும் வேலை. சின்னச் சின்னப் பற்களாக உடைந்திருந்தால் ஆணியிலோ வேறு இரும்பிலோ பட்டிருக்கிறது.

கடைசியாகப் பிடி. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்து, விரல் தானாக எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். பத்து இருபது வருஷம் ஒரே கை பிடித்த மரப்பிடியில் கட்டைவிரலுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். குழி இடது கைக்குப் பொருந்தினால் அவர் இடக்கைக்காரர். பிடியின் நுனியில் உள்ளங்கை பட்ட வழவழப்பு இருந்தால் அமுக்கித் தள்ளியிருக்கிறார். நடுவில் மட்டும் இருந்தால் அடித்திருக்கிறார்.

உளி மாதிரி இருக்கு, ஆனா வாய் மொக்கை. வாய் நடுவுல நீளவாக்குல ஒரு பள்ளம் வேற. உடைஞ்ச உளியா?

இந்த ஊரில் என்னிடம் அதிகம் வரும் புதிர் இதுதான். முதன்முதலாக வந்தபோது எனக்கும் தெரியவில்லை. மொக்கை உளி என்று நினைத்துச் சாணையில் வைத்து, அழகாக வாய் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காரியத்தை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இரண்டாவது முறை துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தான். பழைய அரத்தை அடித்து உளியாக்கியது. ஒன்பது அங்குல நீளம், வாய்ப்பக்கம் மீன்வால் மாதிரி விரிந்திருந்தது. விளிம்பில் நகம் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். தலை நன்றாக விரிந்திருந்தது. பள்ளம் இரண்டு முனைக்கும் ஒரே ஆழத்தில் ஓடியதால் இது தேய்மானமில்லை, வேண்டுமென்றே அரம் போட்டது என்று அன்றைக்குப் புரிந்தது. படகு கட்டும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் உடனே அதன் பெயரைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சின் இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த சந்தில் அதை வைத்து, விரல் முட்டியால் தலையில் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார். பிறகு பள்ளத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, தீக்குச்சி நெருப்பில் காட்டினார். சாம்பிராணி மாதிரி ஒரு வாசம் வந்தது. "குங்கிலியம். இது கலப்பத்து உளி" என்றார்.

மரப் படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் தண்ணீர் புகாமல் பஞ்சுத் திரியை வைத்து இறுக்குவதுதான் கலப்பத்து. அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். வாய் கூராக இருந்தால் திரியை அறுத்துவிடும், அதனால் மொக்கையாக வைக்கிறார்கள். பள்ளம் இருப்பதால் திரி வழுக்காமல் நடுவில் நின்று ஒரே சீராக உள்ளே இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபரில் பலகைச் சந்தே கிடையாது. அந்த உளிகள் பெட்டிக்குள் போய்விட்டன, இப்போது பேரப்பிள்ளைகள் கையில் புதிராக வந்து சேர்கின்றன. இதே குடும்பத்தில் நுனி கொக்கி போல வளைந்த ஒன்றும் வரும். அது பழைய திரியைச் சந்திலிருந்து நோண்டி எடுப்பதற்கு.

அரத்தைத்தான் அடிச்சு உளியாக்கியிருக்காங்கன்னு சொல்றீங்க. எப்படித் தெரியுது?

டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து அடியுங்கள். பல்லை எவ்வளவு தேய்த்திருந்தாலும் அதன் அடிவேர் சாய்வான மெல்லிய வரிகளாக எங்காவது மிச்சம் இருக்கும், முக்கியமாகப் பிடிக்குப் பக்கத்தில். பிடிக்குள் போகும் காம்பு ஒரே சீராகக் குறுகிக் கூராக முடிவதும் அரத்தின் அடையாளம்.

அரத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், பட்டறையில் சும்மா கிடைக்கும் நல்ல எஃகு அதுதான். நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் கரி சேர்ந்த எஃகு அது, தோய்ச்சல் போட்டால், அதாவது காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால், நன்றாகப் பதம் பிடிக்கும். பல் தேய்ந்த அரத்தை எறிய எந்தக் கொல்லருக்கும் மனசு வராது. அதேபோல லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அரிவாளும் மரம் செதுக்கும் வாய்ச்சியும் வரும். பவர் ஆக்ஸா (இரும்பு அறுக்கும் மிஷின் ரம்பம்) பிளேடிலிருந்து தோல் அறுக்கும் கத்தி வரும். பட்டையின் வளைவு லேசாக மிச்சமிருந்தாலோ, நடு போல்ட்டுக்கான ஓட்டை இருந்தாலோ அது ஸ்பிரிங்.

இரும்பா எஃகான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். நல்ல புது அரம் ஒன்றின் நுனியை வாய்க்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பிடித்துத் துருவினால் மெத்தென்ற இரும்பு. கண்ணாடியில் ஓட்டுவது போல வழுக்கினால் பதம் போட்ட எஃகு. வாயில் வழுக்கி, ஓர் அங்குலம் மேலே பிடித்தால் வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போட்டிருக்கிறார்கள். தெரிந்த கை செய்த வேலை அது. முழுக்கக் கடினமாக இருந்தால் அடிக்கும்போது முறியும்.

இன்னொரு முறை சாணையில் பொறி பார்ப்பது. கரி அதிகமுள்ள எஃகில் பொறி மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். சாதா இரும்பில் நீளமான கோடாகப் போகும், வெடிப்பு குறைவு. வார்ப்பு இரும்பில் குட்டையாக, சிவந்து மங்கி விழும். ஆனால் இதற்குக் கொஞ்சமாவது தேய்க்க வேண்டும். பிடிக்குள் மறையும் காம்பு நுனியில் தவிர வேறெங்கும் இதைச் செய்யாதீர்கள்.

மிகப் பழைய கருவிகளில் உடம்பு இரும்பாகவும் வாய் மட்டும் எஃகாகவும் இருக்கும். எஃகு விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒரு துண்டு எஃகை உலையில் காய்ச்சி இரும்போடு சேர்த்து அடித்தார்கள். பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் இரண்டும் சேர்ந்த இடம் மயிரிழை மாதிரி தெரியும்.

மேல எழுத்து கொஞ்சம் தெரியுது. அதை வச்சு வருஷம் சொல்ல முடியுமா?

முதலில் எழுத்தைப் படிக்க வேண்டும். சுண்ணாம்புக்கட்டியை மேலே பூசித் துணியால் லேசாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் முத்திரைகள் சில. எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் தென்னிந்திய ரயில்வே. அது 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டது, ஆகவே கருவி அதற்கு முந்தியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டதால் அந்த முத்திரை இங்கே கிடைப்பதில் ஆச்சரியமில்லை. அகலமான அம்புமுனை மட்டும் இருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். அம்பின்மேல் நடக்கும் சிங்கம் என்றால் பிரான்சின் பெஜோ. கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குடும்பம் ரம்பமும் கைக்கருவிகளும் செய்தது, சிங்க முத்திரையை 1858-ல் பதிந்தது.

ஆங்கிலத்தில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று போட்டிருந்தால் அதை வார்ப்பு இரும்பு என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள். மூசையில் (உலோகம் உருக்கும் மண் கிண்ணம்) உருக்கிய உயர்ந்த எஃகு அது, 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பகுதியில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்ட முறை.

இத்தனையும் சொன்னாலும் ஒன்றை மறக்கக்கூடாது. முத்திரை சொல்வது பழைய கருவியின் வயதை. அதை வளைத்தது அதற்கு நாற்பது வருஷம் பிறகாகவும் இருக்கலாம். வெல்டிங் தடம் இருந்தால், ராடு வைத்துப் பற்றவைக்கும் வசதி அந்தப் பட்டறைக்கு வந்த பிறகு நடந்த மாற்றம் அது.

ஸ்பேனர்ல 3/8 ன்னு போட்டிருக்கு. 3/8 அங்குலம்னா ஒன்பதரை மில்லிதானே? வாய் 18 மில்லி இருக்கே. வாயைத் தேய்ச்சுப் பெரிசாக்கிட்டாங்களா?

இல்லை, அது விட்வொர்த் ஸ்பேனர். ஜோசப் விட்வொர்த் 1841-ல் கொண்டுவந்த ஆங்கில மரை (திருகுப் புரி) அளவு. அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தண்டுக் கனம், நட்டின் அகலம் அல்ல. 3/8 போல்ட்டின் நட்டு 0.71 அங்குலம், அதாவது 18 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்தோ பி.எஸ்.டபிள்யூ. என்றோ இருக்கும். அமெரிக்க ஸ்பேனரில் எண் வாயின் அகலத்தையே குறிக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம்.

உண்மையிலேயே தேய்த்திருந்தால் வாயின் உட்பக்கம் இரண்டு தாடையும் இணையாக இருக்காது, அரக் கீறல் தெரியும். இரண்டாவது பதிலில் சொன்னதுதான்.

புதுச்சேரியில கிடைச்சதுக்கும் கடலூர்ல கிடைச்சதுக்கும் வித்தியாசம் இருக்குமா? ரெண்டும் பக்கத்து ஊருதானே?

இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஒரு நாட்டு எல்லை இருந்தது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது, சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரான்சில் மீட்டர் அளவு எப்போதோ நிலைத்துவிட்டது. கடலூர் பக்கம் அங்குலமும் அடியும். இந்தியா மீட்டர் அளவுக்கு மாறச் சட்டம் போட்டதே 1956-ல்தான். ஆகவே 1950-க்கு முந்தியது என்று உறுதியாகத் தெரியும் ஒரு கருவியில் மில்லிமீட்டர் கணக்கு இருந்தால் புதுச்சேரிப் பக்கம் பார்ப்பது நியாயம்.

மரை இருந்தால் நேரடியாகச் சோதிக்கலாம். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மீட்டர் மரைக்கு 60. பத்து மில்லி போல்ட்டில் மரைக்கு மரை ஒன்றரை மில்லி இடைவெளி. 3/8 அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 16 மரை, கிட்டத்தட்ட 1.59 மில்லி. 3/8 போல்ட்டில் பத்து மில்லி நட்டைப் போட்டால் லொடலொடவென்று ஏறும், சில சுற்றுக்குப் பிறகு பிடிக்கும்.

ஆனால் இதையே முடிவாகச் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பா முதலியார்பேட்டையில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஊர் பிரெஞ்சு ஊர் என்றாலும் மிஷின் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டு நட்டுதான் அதில் இருக்கும் என்பார். அவருடைய பெட்டியில் அங்குல ஸ்பேனரும் மில்லி ஸ்பேனரும் கலந்தே கிடந்தன. வேலைக்காரர்களும் இரண்டு ஊருக்கும் போய்வந்துகொண்டே இருந்தார்கள், கருவி அவர்களோடு போனது.

ஸ்பேனரை யாரோ வளைச்சு, ஒரு பக்கம் தகடு மாதிரி தேய்ச்சு வச்சிருக்காங்க. நல்ல பொருளைக் கெடுத்துட்டாங்களே?

கெடுக்கவில்லை. அதைச் செய்தவருக்கு அந்த ஸ்பேனர் ஒரு வாரச் செலவாக இருந்திருக்கலாம். அதைத் தெரிந்தே தேய்த்திருக்கிறார் என்றால் வேறு வழியில்லாமல் தேய்த்திருக்கிறார்.

புதுச்சேரியில் வரும் இந்த மாதிரி ஸ்பேனர்களை நான் முதலில் மில் பக்கம்தான் வைத்துப் பார்ப்பேன். 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஊரில் ரோடியர் மில் என்பார்கள்), சுதேசி, பாரதி என்று மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்த ஊர். தறியின் பக்கச் சட்டத்துக்கும் கியருக்கும் நடுவில் விரல் மட்டும் நுழையும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். கடையில் வாங்கிய ஸ்பேனர் அங்கே போகாது, போனாலும் திருப்ப இடமிருக்காது. அதைக் காய்ச்சி எஸ் மாதிரி வளைத்து, தலையை மெல்லியதாக்கினால் போகும். அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. அதன் நடுவில் சணல் கயிறு சுற்றியிருந்தது. எண்ணெய்க் கையில் வழுக்காமல் இருக்கவும், இடுக்கில் கைவிட்டுத் தடவும்போது எந்தப் பக்கம் மேல் என்று பார்க்காமலே தெரியவும் அந்தக் கயிறு. உங்களிடம் இருப்பதில் கயிறோ துணியோ சுற்றியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

முக்கோண அரம், ஆனா பல்லே இல்லை. மூணு பக்கமும் வழவழன்னு இருக்கு, ஓரம் கத்தி மாதிரி வெட்டுது.

சுரண்டி. பழைய ஆயில் என்ஜின் பேரிங்குகளில் வெள்ளை உலோகம் என்ற மெத்தென்ற கலவையை ஊற்றியிருப்பார்கள். தண்டில் நீலச் சாயம் தடவி உட்காரவைத்துச் சுற்றினால் மேடான இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த மேட்டை மட்டும் இந்த ஓரத்தால் வழிப்பார்கள். பம்ப்செட் மெக்கானிக் இருந்த வீடு என்றால் அனேகமாக இதுதான்.

பிடியில வரிசையா வெட்டு வெட்டா கோடு இருக்கு. அலங்காரமா?

அளந்து பாருங்கள். வெட்டுகள் சம இடைவெளியில் இருந்தால் அது அளவுகோல். பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்தால் பிழை குறையும். 254 மில்லி வந்தால் அங்குலம், 250 வந்தால் இரண்டரை சென்டிமீட்டர். ஒரே இடத்தில் மூன்று நாலு வெட்டுகள் நெருக்கமாக இருந்தால் அது உரிமையாளர் அடையாளம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் சாமானைத் தெரிந்துகொள்ள வேண்டுமே. ஒரே வீட்டில் கிடைத்த நாலு கருவியிலும் அதே வெட்டு இருந்தால் நாலும் ஒருவருடையவை என்று சொல்லிவிடலாம். அப்போது தெரிந்த மூன்றை வைத்து நாலாவதைக் கண்டுபிடிக்கலாம்.

துருவை எடுக்கலாமா? ஆசிட்ல போட்டா ஒரே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்னு சொல்றாங்க.

அடையாளம் தெரிந்த பிறகு எடுக்கலாம், அதற்கு முன் கூடாது. கலப்பத்து உளியின் குங்கிலியத்தை யாராவது ஆசிட்டில் கழுவியிருந்தால் அந்தப் பெரியவரும் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆசிட் எப்போதும் வேண்டாம். அது துருவோடு எழுத்தையும் அரக் கீறலையும் சேர்த்துத் தின்னும். பதம் போட்ட எஃகை நொறுங்கும் தன்மைக்கும் கொண்டுபோய்விடும். நம் ஊரில் துருவுக்குக் காரணம் கடல் காற்றின் உப்பு. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் உடனே காயவையுங்கள். பிறகு மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, பனியன் துணியால் துடைத்து, மிஷின் ஆயில் பூசுங்கள். கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும், அது பாதுகாப்புதான். மரப்பிடியைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், பூண் கழன்றுவிடும். பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் உலர்ந்தபடி உப்புத்தாள் போட வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, தூள் மூச்சில் போகும்.

இதை இப்போ வேலைக்குப் பயன்படுத்தலாமா?

கையால் தள்ளும், சுரண்டும் கருவி என்றால் வாயில் வெடிப்பு இல்லையா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். அடிக்கும் கருவி என்றால் யோசியுங்கள். காளான் தலையின் சுருண்ட ஓரம் சுத்தி படும்போது துண்டாகத் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். அரத்திலிருந்து செய்த கருவியைக் கொண்டு நெம்பக் கூடாது, கண்ணாடி மாதிரி முறியும்.

ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்தால் அடிக்கலாம்தான். ஆனால் தேய்த்தால் மூன்றாவது பதிலில் சொன்ன தடயம் போய்விடும். இன்றைக்கு அடிக்க ஒரு உளி வேண்டுமென்றால் கடையில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

தோட்டத்துல குழி தோண்டும்போது கிடைச்சுது. அரிக்கமேட்டுக் காலத்துதா இருக்குமா?

புதுச்சேரி பக்கம் மண்ணில் எது கிடைத்தாலும் இந்த ஆசை வருவது இயல்பு. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி ரோமானிய வணிகத்தின் சான்றுகளை எடுத்த ஊர் இது. ஆனால் உப்பும் ஈரமும் உள்ள கடலோர மண்ணில் இரண்டாயிரம் வருஷம் கிடந்த இரும்பு உருத்தெரியாத துருக்கட்டியாகத்தான் வரும். மரை, அச்சுக் கோடு, வெல்டிங், ஆங்கில எழுத்து இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது சமீப காலத்தது.

அப்படி எதுவும் இல்லாமல், பக்கத்தில் பானை ஓடும் மணியும் கிடைத்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

என்ன விலைக்குப் போகும்?

காயலான் கடையில் எடைக்குப் போகும். சேகரிப்பவர்கள் மாற்றாத கருவிக்குத்தான் கூடுதலாகத் தருவார்கள். விலைக்காக இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பிடிபடலை. யார்கிட்ட கேட்கிறது?

அந்த வேலையைச் செய்த கையிடம் கேளுங்கள். கடலூர் முதுநகரில் படகு கட்டியவர்கள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், புதுச்சேரி மில் மேஸ்திரிகள், ஐ.டி.ஐ. பழைய ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரோடியர் மில் 2020-ல் மூடியது, அங்கே தறி பார்த்தவர்கள் பலர் இப்போதும் நல்ல தெம்போடு இருக்கிறார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். படத்தைக் காட்டாதீர்கள், கருவியை எடுத்துப் போங்கள். "இது கலப்பத்து உளியா ஐயா?" என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டால் மரியாதைக்கு "ஆமாம்ப்பா" என்றுவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டு அவர் கையைப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் வாய் திறப்பதற்கு முன்பே சரியான பக்கம் திருப்பிப் பிடிப்பார், கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்காரும். பேச ஆரம்பித்ததும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேரு தெரிஞ்சுடுச்சு. அப்புறம் என்ன செய்யணும்?

ஒரு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். கருவியின் பெயர், எதிலிருந்து செய்தது, யாருடையது, எந்த ஊர், எப்படித் தெரிந்தது. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை எண்ணெயில் கரைந்துவிடும். உரிமையாளர் பெயர் தெரியாவிட்டால் கிடைத்த வீட்டையாவது எழுதுங்கள்.

துறைமுகத் தம்பி அந்த உளியை என்னிடமே கொடுத்துவிட்டான். அதில் கட்டியிருக்கும் அட்டை இது: "கலப்பத்து உளி. பத்து அங்குல அரத்தை அடித்தது. படகு ஆசாரி ஒருவருடையது, பேரன் கொடுத்தான். வலது கைக்காரர். பள்ளத்தில் குங்கிலியம் இருக்கிறது, கழுவாதீர்கள்."